எந்தக் கரையில் பெண் வீடு

பஸ் காவேரிப் பாலத்தின் நடுவில் வந்து நின்று பத்து நிமிஷம் ஆகிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள், செல்போனில் மணி பார்த்தார்கள், முன்னால் நிற்கிற லாரிக்காரனின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள். மரகதம் மட்டும் சன்னலோரம் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நின்றால் நிற்கட்டுமே என்று இருந்தாள். வியாழக்கிழமை. ஈரோட்டுக் கரையில், கருங்கல்பாளையத்தில், மாட்டுச் சந்தை. மாடு ஏற்றிய வண்டிகள் வெளியே வர, ஏற்றப் போகிற வண்டிகள் உள்ளே போக, இரண்டும் பாலத்தில் முட்டிக்கொள்வது வாராவாரம் நடப்பதுதான். கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மினி லாரி ஆக்ஸில் ஒடஞ்சு கெடக்குதுங்க. அரை மணி நேரம் ஆகும். நடக்கறவங்க நடந்துக்கலாம்" என்றார். பத்துப் பேர் இறங்கி நடந்தார்கள். பாலத்தின் மறுகோடியில் பள்ளிபாளையம். அங்கிருந்து ஐந்து நிமிஷ நடையில் மரகதத்தின் வீடு. நடக்க முடியாத வயசொன்றும் இல்லை, நாற்பத்தொன்பதுதான். ஆனால் வீட்டுக்குப் போனால் வாயைத் திறக்க வேண்டும். நாலு நாளாகத் தன்னோடு ஒரு வார்த்தை பேசாத புருஷன் வையாபுரியிடம் போய், மகள் கல்யாணப் பத்திரிகையில் பெண் வீடு என்று உங்கள் வீட்டைப் போட வேண்டாமாம், என் அண்ணன் வீட்டைப் போட வேண்டுமாம் என்று சொல்ல வேண்டும். எதில் தொடங்குவது? ஏனுங்க, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கப்படாது. இது வேண்டாம், கோபத்தை நாமே எடுத்துக் கையில் கொடுத்த மாதிரி ஆகும். ஏனுங்க, பையன் ஊட்டுல சரின்னுட்டாங்க. இது பரவாயில்லை. சரின்னுட்டாங்க, ஆனா. இந்த ஆனாவுக்கு வந்ததும் மனசு அங்கேயே நின்றுகொண்டது. பஸ்ஸும் நின்றுகொண்டுதான் இருந்தது.

காலையில் கருங்கல்பாளையத்து அண்ணன் குழந்தைவேல் வரச் சொல்லி, அவர் வீட்டுக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா வசந்தாமணி அங்கே வந்திருந்தாள். சூரம்பட்டியில் வீடு, ஒரே மகன், கோயமுத்தூரில் வேலை. வசந்தாமணி சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. வெண்ணெயை எடுக்கிற மாதிரி மெதுவாகப் பேசுவாள், பேசி முடித்த பிறகுதான் எதை எடுத்தாள் என்று தெரியும். "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க. அதுல மாத்தமில்லை. ஒண்ணே ஒண்ணுதான். எங்க ஒறம்பரை சனங்ககிட்டயெல்லாம் ஈரோட்டுக்குள்ளயே பாத்திருக்கறோம்னு சொல்லிட்டமுங்க. பத்திரிக்கைல பொண்ணு ஊடு கருங்கல்பாளையம்னு போட்டுக்கலாம். பொண்ணழைக்கறதும் இங்கிருந்தே வெச்சுக்கலாம். பாலத்தத் தாண்டி அலையோணுமாங்க? மாமன் ஊடும் பொண்ணு ஊடுதானுங்களே." அண்ணனுக்கு முகமெல்லாம் பல். பத்திரிகையின் தலையில் தன் பெயர் வரப் போகிறது, பெண்ணில்லாத வீட்டில் பெண்ணழைப்பு நடக்கப் போகிறது. "அம்மிணி, நீ ஒண்ணும் ரோசன பண்ணாத. நாளைக்கே ஊட்டுக்கு வெள்ளையடிச்சுப் போடறன்" என்றார். சாயந்தரத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம், அச்சாபீசில் நாளைக்கு விட்டால் பிறகு ஆள் கிடைக்காதாம். மரகதம் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். ஆட்டினது சம்மதமா, கேட்டுக்கொண்டேன் என்பதா, அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. வசந்தாமணி சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பாள். ஈரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற மகள் கோகிலவாணி, என்னாச்சும்மா என்று இரண்டு தடவை செல்போனில் கேட்டு அனுப்பியிருந்தாள். அவளுக்குப் பையனைப் பிடித்திருக்கிறது. வாயால் சொல்லவில்லை, ஆனால் மூன்று நாளாக மொட்டை மாடியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு வேறு எதற்கும் வராது. இந்தச் சிரிப்பைக் கெடுக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? ஒரு ஊர்ப் பெயருக்காகவா? வெறும் அச்சு மைதானே, கல்யாணத்துக்கு மறுநாள் யார் எடுத்துப் படிக்கிறார்கள், மிக்சர் பொட்டலம் கட்டத்தான் ஆகும். இப்படிச் சொல்லிப் பார்த்தாள். அவரிடம் இப்படியே சொல்லிவிடலாம் போலிருந்தது. அவர் அதற்கு ஒன்றும் பதில் சொல்ல மாட்டார் என்பது நினைவுக்கு வந்ததும், அந்த வாக்கியமும் உப்புச் சப்பில்லாமல் போய்விட்டது.

அவர் சிரித்தாரா இல்லையா? நாலு நாளாக அவள் திரும்பத் திரும்ப வந்து விழுகிற குழி இதுதான். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். கோகிலா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். வசந்தாமணி டம்ளரைக் கையில் வாங்கி, உள்ளே பார்த்து, "ஆத்துத் தண்ணீங்களா?" என்று கேட்டு, குடிக்காமல் பக்கத்தில் வைத்தாள். அந்த நிமிஷம் மரகதத்துக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. சபை கெட்டுப் போகாமல் எதையாவது சொல்லி ஒப்பேற்ற வேண்டும் என்ற அவசரத்தில் வாய் முந்திக்கொண்டது. "நானும் ஈரோட்டுக்காரிதானுங்க. இங்க வந்து சிக்கிட்டன். இருவத்தேழு வருசமாச்சு, இன்னும் இது எங்கூருன்னு சொல்ல வாய் வரமாட்டீங்குது." எல்லோரும் சிரித்தார்கள். வசந்தாமணி தொடையில் தட்டிச் சிரித்தாள், சபை கலகலப்பாகிவிட்டது, மரகதத்துக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. வையாபுரி? அவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார், அவருடைய பற்கள் தெரிந்தன. பல் தெரிந்தால் சிரிப்புத்தானா? வெயிலில் கண்ணைச் சுருக்கினாலும் பல் தெரியும். அவர்கள் போன பிறகு, பாயைச் சுருட்டிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல அவர் சொன்னார்: "நம்ம துணி ஆத்தத் தாண்டுனா ஈரோடுன்னு சீல் குத்தறாங்க. அது யாவாரம், போனாப் போகுது. உம்மேலயும் குத்தியிருக்குது. இத்தன வருசம் எனக்குத் தெரியாமப் போச்சு பாரு." அதோடு சரி. சண்டை இல்லை, சாப்பாட்டைத் தள்ளுவது இல்லை. தட்டில் போட்டதைத் தின்றார், தட்டைக் கழுவி வைத்தார், ஏதாவது வேண்டுமென்றால் கோகிலாவிடம் கேட்டார். கோபித்துக்கொண்டு கத்துகிற ஆம்பிளையைச் சமாளிக்க எல்லாப் பெண்டுகளுக்கும் தெரியும். தட்டைக் கழுவி வைக்கிற ஆம்பிளையை என்ன செய்வது?

சீல் குத்துவது உண்மைதான். பள்ளிபாளையத்தில் தெருவுக்குத் தெரு தறி, வையாபுரிக்கே எட்டுத் தறி. விடிந்ததிலிருந்து ஓடி, லுங்கியும் துண்டும் நெய்து, கட்டுக் கட்டாக ஆற்றைத் தாண்டி ஈரோட்டுச் சந்தைக்குப் போனால், அங்கே கஞ்சி போட்டு மடித்து, ஈரோடு என்று முத்திரை போட்டு, காசிக்கும் கல்கத்தாவுக்கும் அனுப்பிவிடுவார்கள். நெய்தவன் ஊர் எந்த மடிப்பிலும் இருக்காது. இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது மரகதத்துக்கு இது வேடிக்கையாக இருந்தது. அப்போது இது சேலம் மாவட்டம். ஆறு தாண்டினால் மாவட்டம் வேறு. வந்து கொஞ்ச நாளில் நாமக்கல் மாவட்டம் ஆக்கினார்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஈரோட்டுக் கலெக்டர் இருக்க, ஒரு கையெழுத்துக்கு ஒரு பொழுதைக் கெடுத்து நாமக்கல் போக வேண்டும். தபாலுக்கு ஈரோடு, எம்.பி. ஓட்டுக்கு ஈரோடு, எம்.எல்.ஏ. ஓட்டுக்குக் குமாரபாளையம், வண்டி நெம்பருக்குத் திருச்செங்கோடு. ஒரு ஊரை இத்தனை பேர் பங்கு போட்டால் அங்கே இருக்கிறவன் எந்த ஊர் என்றுதான் சொல்லுவான்? வெளியூரில் யார் கேட்டாலும் ஈரோடு பக்கம் என்பான், அப்புறம் பக்கமும் உதிர்ந்துபோய் ஈரோடு என்பான். வையாபுரி ஒருத்தர்தான் அப்படிச் சொல்லாதவர். திருப்பதி வரிசையில் நின்றாலும், மதுரை லாட்ஜில் பேர் எழுதினாலும் பள்ளிபாளையம் என்பார். அது எங்கே இருக்கிறது என்று கேட்டால், "காவேரிக்குக் கெழக்கே" என்பார், அதற்குமேல் விளக்க மாட்டார். பாலத்துக்குக்கூட இரண்டு பேர். ஈரோட்டுக்காரர்களுக்கு இது பள்ளிபாளையம் பாலம், பள்ளிபாளையத்துக்காரர்களுக்கு ஈரோட்டுப் பாலம், நடுவில் நிற்கிற பஸ்ஸுக்கு எதுவும் இல்லை. இத்தனை பேசுகிற வசந்தாமணியின் சூரம்பட்டி மட்டும் என்ன? மரகதம் பள்ளிக்கூடம் போன காலத்தில் அது தனி ஊர். கருங்கல்பாளையத்துப் பிள்ளைகள் அதைப் பட்டிக்காடு என்றுதான் சொல்வார்கள், மரகதமே சொல்லியிருக்கிறாள். மாநகராட்சியில் சேர்த்தது நேற்று. நேற்றுச் சேர்ந்தவளுக்கு இன்றைக்கு ஆற்றைத் தாண்ட வலிக்கிறது. இதைக் காலையிலேயே அவள் முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கோகிலாவின் சிரிப்பு? மரகதம் சன்னல் கம்பியைப் பிடித்தாள், வெயிலில் காய்ந்து கிடந்த கம்பி சுரீரென்று சுட்டது. பக்கத்து வண்டியில் ஒரு கன்றுக்குட்டி மூக்கை வெளியே நீட்டி அவளைப் பார்த்தது. மாட்டு மூத்திர வாடை. கீழே ஆகாயத்தாமரை அப்பிக் கிடந்த தண்ணீர் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஒரே நிறமாகத்தான் இருந்தது.

பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் ரொம்ப நேரமாகப் பேச்சுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு பை, பையில் வாழைப்பூ. "சங்ககிரிக்கு எத்தன மணிக்குப் போய்ச் சேருமோ தெரியிலீங்க. நீங்க எந்த ஊருங்க?" "ஈரோடுங்க" என்றாள் மரகதம். மூச்சு விடுகிற மாதிரி வந்தது அது. அந்த அம்மாள் யோசித்தாள். "ஈரோட்டுல இருந்துதானுங்களே பஸ்சு வருது. எங்க போறீங்க?" ஒன்றும் தப்பான கேள்வி இல்லை. மரகதம், "பள்ளிபாளையத்துல ஒறம்பரை ஊட்டுக்குங்க" என்றாள். "அப்படீங்களா. விசேசமுங்களா?" "இல்லீங்க, சும்மா. பாத்துட்டுப் போலாம்னு." அந்த அம்மாள் திருப்தியாகித் தன் மருமகளைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள். மரகதத்தின் காதில் அது விழவில்லை. உறவினர் வீடு. இருபத்தேழு வருஷம் சமைத்து, பெருக்கி, பிள்ளை பெற்று, மாமியாரைக் கடைசிவரை வைத்துப் பார்த்து, தறியில் நூல் அறுந்தால் தானே உட்கார்ந்து இழை பிணைத்த வீடு, சும்மா பார்த்துவிட்டுப் போகிற வீடாம். தன் வாய்தான் இதைச் சொன்னதா? யார் கேட்டார்கள் பொய் சொல்லச் சொல்லி? அந்த அம்மாளுக்கு ஈரோடும் ஒன்று, பள்ளிபாளையமும் ஒன்று, சங்ககிரிக்குப் போனால் போதும். மரகதத்துக்கு வெட்கமாக இருந்தது. யாரும் பார்க்காத இடத்தில் திருடின மாதிரி ஒரு வெட்கம். வெட்கத்தோடு கொஞ்சம் பயமும். ஞாயிற்றுக்கிழமை சொன்னது சபைக்காகச் சொன்னது என்று நாலு நாளாகத் தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டிருந்தாளே, இங்கே எந்தச் சபை இருக்கிறது? ஒரு வாழைப்பூப் பை.

கல்யாணமான முதல் வருஷம் அவளுக்குப் பள்ளிபாளையத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் சொன்னாள். குடித்தால் வயிறு கடுக்கிறது, சோறு மஞ்சளடிக்கிறது, எங்க ஊட்டுத் தண்ணிதான் தண்ணி என்றாள். வையாபுரி வாரம் இரண்டு நாள் டி.வி.எஸ். ஐம்பதில் இரண்டு கேன்களைக் கட்டிக்கொண்டு இந்தப் பாலத்தைத் தாண்டிப் போய், மச்சான் வீட்டுக் குழாயில் பிடித்துக்கொண்டு வந்தார். மழையில்கூட. தறிக்காரர்கள் கேலி செய்தார்கள், காவேரியைக் காவேரிக்கு மேலேயே தூக்கிக்கொண்டு போகிறான் பார் என்று. அவர் பல்லைக் காட்டினார். ஆமாம், அதே மாதிரிதான் பல் தெரிந்தது. அப்போதும் அது சிரிப்பு இல்லையோ? ஒரு வருஷம் முழுக்க, கோகிலா வயிற்றில் வருகிற வரைக்கும். கேன் எப்போது நின்றது, ஏன் நின்றது? நினைவில்லை. ஒருநாள் கேன் காலியாக இருந்திருக்கும், தாகத்தில் குழாய்த் தண்ணீரைக் குடித்திருப்பாள், ஒன்றும் ஆகியிருக்காது. அவர் அதைக் கவனித்திருப்பார், கவனித்ததைச் சொல்லியிருக்க மாட்டார். இந்த மனுஷனுக்கு எல்லாம் உள்ளேயே போய்விடுகிறது. இப்படி உள்ளேயே போன மனுஷர்கள் ஒரு நாள் சத்தமில்லாமல் எழுந்து போய்விடுவதாகக் கேட்டிருக்கிறாள். போகிறவர் எங்கே போவார், எட்டுத் தறியை விட்டுவிட்டு? போக மாட்டார். வீட்டிலேயே இருப்பார், தட்டைக் கழுவி வைப்பார், இன்னும் முப்பது வருஷத்துக்கு. இது போவதைவிட மோசமாகப் பட்டது. சரி, சொல்லிவிட வேண்டியதுதான். ஏனுங்க, தப்புத்தானுங்க. ஞாயித்துக்கெழம நான் பேசுனது தப்பு. இதை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் பத்திரிகை விஷயம். ஆனால் தப்பு என்று சொல்லிவிட்டு, அதே வாயால் உங்கள் ஊரை எடுத்துவிடலாம் என்று எப்படிச் சொல்வது? விஷயத்தை முதலில் சொன்னால், மன்னிப்பு லஞ்சம் மாதிரி ஆகிவிடும். எப்படிப் புரட்டிப் போட்டாலும் ஒரு பக்கம் கோணியது. அவர் மாட்டேன் என்றுவிட்டால் நல்லது என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. மாட்டேன் என்று கத்தட்டும், அவளும் கத்துவாள், இரண்டு பேரும் கத்தினால் பேசின மாதிரி ஆகும். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. சங்ககிரி அம்மாள், "அப்பாடா" என்றாள்.

பள்ளிபாளையத்தில் இறங்கினதும் தெருவின் இரைச்சல் வந்து காதை அடைத்தது. தறிச் சத்தம் தூரத்தில் கேட்டால் மழை மாதிரி, பக்கத்தில் போனால் அதற்கு எதுவும் மாதிரி இல்லை. வையாபுரி தறிப் பட்டறை வாசலில், நூல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். கையில் கோகிலாவின் பழைய பள்ளிக்கூட நோட்டு. மரகதம் செருப்பைக் கழற்றினாள். ஏனுங்க என்று ஆரம்பிக்கப் போனாள். அதற்குள் அவர், "உங்கண்ணன் போன் பண்ணுனாரு" என்றார். நாலு நாளைக்கு அப்புறம் முதல் பேச்சு. நோட்டை அவள் பக்கம் நீட்டினார். "சரியா இருக்குதான்னு பாத்துக்க. சாயந்தரம் அச்சாபீசுக்குக் குடுத்தர்லாம்." அவருடைய கையெழுத்து, குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். ஈரோடு கருங்கல்பாளையம் குழந்தைவேல் அவர்களின் தங்கை மகளும் என்று மேலே பெரிதாக. அதன் கீழே, வையாபுரி, மரகதம் தம்பதியின் மகளுமான. பெண் அழைப்பு, கருங்கல்பாளையம் இல்லத்திலிருந்து. கீழே மறுபடி ஈரோடு. அவள் மேலிருந்து கீழே படித்தாள், கீழிருந்து மேலே படித்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பத்திரிகைகளில் அவர் பெயரைப் பார்த்திருக்கிறாள், எங்கேயும் முன்னால் பள்ளிபாளையம் இல்லாமல் அந்தப் பெயர் வந்தது கிடையாது. இப்போது மொட்டையாக நின்றது. யாரோ வழிப்போக்கன் பெயரை எழுதி வைத்த மாதிரி. "உங்க பேருக்கு முன்னால ஊரு போடலீங்களே" என்றாள். "எதுக்கு? ரெண்டு ஊரு போட்டா ஒறம்பரை கொழம்பிப் போயிரும்." குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. கோகிலாவுக்கு நல்லது நடக்க வேண்டும், அதற்கு இது வேண்டும், எழுதியாகிவிட்டது, அவ்வளவுதான். எழுந்து பட்டறைக்குள் போய், அறுந்திருந்த ஏதோ இழையைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். அரை மணி நேரம் பாலத்தில் உட்கார்ந்து எதைக் கேட்கத் தெரியாமல் தவித்தாளோ, அது கேட்காமலேயே கிடைத்துவிட்டது. இந்த நோட்டு மட்டும் அச்சாபீசுக்குப் போய்விட்டால் இந்த மனுஷன் தன்னோடு பேசுவார், சிரிப்பார், எல்லாம் செய்வார், ஆனால் திரும்பி வர மாட்டார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கோகிலாவின் சிரிப்பும் காதில் கேட்டது. வெளியே போய்ப் பேசலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்து, போகாமல், பட்டறை வாசலிலேயே நின்று வசந்தாமணிக்கு போன் போட்டாள். எடுத்த எடுப்பில் வசந்தாமணி, "என்னங்க சம்பந்தியம்மா, ஒரே எரைச்சலா இருக்குது? எங்கிருந்து பேசறீங்க?" என்றாள். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, மரகதம் அவற்றுக்கு மேலே கேட்கிற மாதிரி உரக்கவே சொன்னாள்.

"பொண்ணு ஊட்டுலிருந்துங்க. பொண்ணழைக்க நீங்க பாலத்தத் தாண்டித்தான் வரோணும்."